ஒரு ஆட்டத்தோடு ஊர் திரும்பும் டீம்: கல்லூரி ஹாக்கியும் சீடிங் கணக்கும்

கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். இந்த எபிசோட் ஹாக்கி பத்தி. ஆனா யாரு எத்தனை கோல் அடிச்சாங்கங்கற கதை இல்லை. ஒருத்தரோடு ஒருத்தர் மோதவே இல்லாத இரண்டு டீம் இருக்கு. அதில் எது பலமான டீம்னு ஆட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே எப்படிச் சொல்றது? அதுதான் கேள்வி. நான் வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். அதனால கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பிளஸ் டூ தாண்டாது.

இதுல என்ன இருக்கு?

நாக்-அவுட் போட்டியில் தோத்தா வீட்டுக்குப் போகணும். அதனால முதல் ரவுண்டில் உங்களுக்கு எதிரில் யார் நிக்கறாங்கன்னு முடிவு பண்றது பாதி தலையெழுத்தை முடிவு பண்ற மாதிரி. பலமான டீம்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, ஃபிக்சரில் தனித்தனி மூலையில் உட்கார வைப்பதுதான் சீடிங். முதல் இடத்து டீமும் இரண்டாம் இடத்து டீமும் ஃபைனலுக்கு முன்னாடி மோதிக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை.

இந்தியாவில் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், சுருக்கமா ஏஐயு. 1925ல் ஆரம்பிச்சது. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு நான்கு மண்டலமாப் பிரிச்சுக்கறாங்க. மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடம் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஹாக்கியில் வழக்கமான முறை: முதலில் நாக்-அவுட், கடைசியில் மிஞ்சும் நான்கு டீமுக்குள் லீக். ஆக, ஐந்தாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் இருக்கு.

அந்தச் சுவர் வெறும் கோப்பை விஷயம் இல்லைங்க. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளில் முன்னுரிமை வரிசைன்னு ஒண்ணு இருக்கு. நாட்டுக்காக ஆடினவங்க முதலில், தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினவங்க அடுத்து, அதுக்கு அடுத்து பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் மூன்று இடம் வாங்கினவங்க. வெறுமனே கலந்துக்கிட்டவங்க அதுக்கும் கீழே. ஒரு நெசவுத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அந்தச் சான்றிதழ் ரயில்வே வேலையாகவோ வங்கி வேலையாகவோ மாறலாம். ராத்திரி ரயிலில் அன்ரிசர்வ்டில் நின்னுட்டே போய், காலையில் மண்டல சாம்பியனோடு ஒரு ஆட்டம் ஆடி, சாயந்திரமே திரும்பி வந்த டீம்களை ஹாஸ்டலில் நான் பார்த்திருக்கேன். அவங்க மோசமான டீம்னு யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஆட்டத்தை வச்சு எதுவுமே சொல்ல முடியாது.

குலுக்கிப் போட்டால் என்ன ஆகும்?

"சீடிங் எல்லாம் எதுக்கு? சீட்டுக் குலுக்கிப் போட்டா எல்லாருக்கும் பொதுதானே?" இது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

16 டீம் வச்சுக்கோங்க. பலமான டீம்தான் எப்பவும் ஜெயிக்கும்னும் வச்சுக்கோங்க. 16 டீமை நான்கு கட்டமாப் பிரிச்சா, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு டீம் கடைசி நான்குக்கு வரும். உண்மையிலேயே சிறந்த நான்கு டீமும் கடைசி நான்கில் இருக்கணும்னா, அந்த நான்கும் வெவ்வேறு கட்டத்தில் விழணும்.

முதல் டீம் எங்கே வேணா விழலாம். மீதி 15 இடத்தில் 12 இடம்தான் இரண்டாவது டீமுக்கு நல்ல இடம். மூன்றாவதுக்கு 14ல் 8. நான்காவதுக்கு 13ல் 4. மூன்றையும் பெருக்கினால் சுமார் 14 சதவீதம். அதாவது, நூறு தடவை குலுக்கினால் 86 தடவை சிறந்த நான்கில் ஒரு டீமாவது கடைசி நான்குக்கு வராமலே வெளியே போயிடும். சரியா ஆடினாலும் போயிடும். முதல் இரண்டு டீமும் ஃபைனலுக்கு முன்னாடியே மோதிக்க 15ல் 7 வாய்ப்பு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

குலுக்கல் எல்லாருக்கும் சமம்தான். ஆனா அது வருஷம் முழுக்க உழைச்ச டீமையும் உழைக்காத டீமையும் சமமா நடத்துது. சிக்கல் அங்கேதான்.

போன வருஷத்து இடம்

அதனால பொதுவா என்ன பண்றாங்க? போன வருஷம் முதல் நான்கு இடம் பிடிச்சவங்களை சீடு பண்றாங்க. சுலபம், யாரும் சண்டைக்கு வர முடியாது, பேப்பரில் இருக்கு.

கிளப் டீமுக்கு இது ஓரளவு பொருந்தும். கல்லூரிக்கு? டிகிரி மூணு வருஷம், இன்ஜினியரிங் நாலு வருஷம். ஒவ்வொரு மே மாதமும் டீமில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கிளம்பிப் போயிடும். போறவங்க யாரு? இருக்கறதிலேயே அனுபவசாலிங்க. பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிக்கும் ஒரே பையன் ஃபைனல் இயர்னா, அடுத்த வருஷம் அந்த டீமின் கோல் கணக்கே வேற. ஆனா சீடிங் பட்டியலில் அந்தப் பையன் இன்னும் ஆடிக்கிட்டே இருப்பான்.

இன்னொரு பக்கம், போன வருஷம் நல்ல செகண்ட் இயர் பசங்களை வச்சுக்கிட்டு கால் இறுதியில் தோத்த டீம் இருக்கும். இந்த வருஷம் அதே பசங்க முத்திப் போய் வராங்க. அவங்களுக்கு சீடு கிடையாது. நேரா போய் பழைய சாம்பியனோட மோதணும்.

சர்வதேச ஹாக்கி சம்மேளனமும் முன்னாடி இப்படித்தான் இருந்தது. பெரிய போட்டிகளில் எத்தனாவது இடம் என்பதை வச்சு உலகத் தரவரிசை போட்டாங்க. 2020லிருந்து அதை மாத்திட்டாங்க. இப்போ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு நாட்டுக்கும் நடுவில் புள்ளி கைமாறும். பலமான டீமை ஜெயிச்சா நிறைய, பலவீனமான டீமை ஜெயிச்சா கொஞ்சம். நம்ம கல்லூரி ஹாக்கிக்கு வேண்டிய மாற்றமும் இதேதான்: எத்தனாவது இடம்னு பார்க்கறதை விட்டு, எந்த ஆட்டம்னு பார்க்கணும்.

கோல் வித்தியாசம் போதாதா?

சரி, இந்த வருஷத்து ஆட்டங்களையே எடுப்போம். யாரு நிறைய கோல் வித்தியாசம் வச்சிருக்காங்களோ அவங்க பலசாலி. சரியா வருமா?

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை நம்ம ஊரில் நடந்தது, சென்னையிலும் மதுரையிலும். 24 நாடுகள், நான்கு நான்காக ஆறு பிரிவு. ஆறு பிரிவில் முதலிடம் வந்த ஆறு டீம் கால் இறுதிக்குப் போயிடும். மீதி இரண்டு இடத்துக்கு? ஆறு பிரிவிலும் இரண்டாவதாக வந்த டீம்களை ஒப்பிட்டு, அதில் சிறந்த இரண்டை எடுக்கணும். ஒருத்தரோடு ஒருத்தர் ஆடாத டீம்கள். நம்ம கேள்வி அப்படியே அங்கே நிக்குது பாருங்க.

இப்போ இந்தியா இருந்த பிரிவைப் பாருங்க. பாகிஸ்தான் விலகினதால் ஓமான் உள்ளே வந்தது. இந்தியா ஓமானை 17-0 ஜெயிச்சது. இந்த 17 கோல் இந்தியாவின் பலத்தை எவ்வளவு சொல்லுது, ஓமானின் பலவீனத்தை எவ்வளவு சொல்லுது? பிரிக்கவே முடியாது. உங்க பிரிவில் ஒரு பலவீனமான டீம் இருந்தா உங்க கோல் வித்தியாசம் ஏறும். நாலும் சமபலம்னா எல்லாரும் ஒருத்தரையொருத்தர் கடிச்சுக்கிட்டு மெலிஞ்சு போவாங்க.

அந்தப் போட்டியில் இந்தியா கால் இறுதியில் பெல்ஜியத்தோடு மோதியது. பெல்ஜியம் தன் பிரிவில் இரண்டாவதாக வந்த டீம். பிரிவில் முதலிடம் வந்த நம்ம டீமால் அதை ஷூட்-அவுட்டில்தான் தாண்ட முடிந்தது. கடைசியில் அர்ஜென்டினாவை 4-2 ஜெயிச்சு வெண்கலம் வாங்கினோம். பிரிவில் இரண்டாம் இடம் என்றால் தரத்தில் இரண்டாம் இடம்னு அர்த்தம் இல்லை. எந்தப் பிரிவில் என்பதுதான் விஷயம்.

அமெரிக்கக் கல்லூரிகள் செய்த கணக்கு

கல்லூரி ஹாக்கியில் இந்தத் தலைவலியை அதிகமா அனுபவிச்சவங்க அமெரிக்கர்கள். அவங்க ஆடறது ஐஸ் ஹாக்கி, கணக்கு ஒண்ணுதான். முதல் டிவிஷனில் 60க்கும் மேற்பட்ட டீம், ஆறு லீக். தேசியப் போட்டிக்கு 16 டீம்தான். ஆறு லீக் சாம்பியன்கள் நேரடியா உள்ளே. மீதி 10 இடத்துக்கும், 16 டீமின் வரிசைக்கும் ஒரு சூத்திரம் வச்சிருந்தாங்க. பேர் பேர்வைஸ். பேருக்கு ஏத்த மாதிரி, ஒவ்வொரு டீமையும் மத்த ஒவ்வொரு டீமோடும் ஜோடி ஜோடியா ஒப்பிடுவாங்க. மூணு கேள்வி: நேரடியா மோதினப்போ யார் ஜெயிச்சா? இரண்டு பேருக்கும் பொதுவான எதிரிகளோடு யார் நல்லா ஆடினா? ஆர்பிஐ என்ற மதிப்பெண் யாருக்கு அதிகம்?

ஆர்பிஐ என்ன? உங்க வெற்றி சதவீதத்துக்கு 25 பங்கு. உங்க எதிரிகளின் வெற்றி சதவீதத்துக்கு 21 பங்கு. எதிரிகளின் எதிரிகள் வெற்றி சதவீதத்துக்கு 54 பங்கு. ஆமாங்க, உங்க சொந்த வெற்றிக்கு நூறில் 25தான். மீதி எல்லாம் நீங்க யாரோட ஆடினீங்கங்கறது.

இதுல ஒரு வேடிக்கை நடக்கும். ரொம்பப் பலவீனமான டீமோட ஆடி ஜெயிச்சாலும் உங்க மதிப்பெண் இறங்கும், ஏன்னா அந்த எதிரியின் மோசமான சதவீதம் உங்க கணக்கில் வந்து ஒட்டிக்கும். ஜெயிச்சதுக்குத் தண்டனை! அதுக்கு ஒரு ஒட்டுப் போட்டாங்க: மதிப்பெண்ணை இறக்கும் வெற்றியைக் கணக்கிலிருந்தே எடுத்துடலாம். அப்புறம் வெளியூர் வெற்றிக்கு 1.2, சொந்த ஊர் வெற்றிக்கு 0.8 என்று இன்னொரு ஒட்டு. சாஃப்ட்வேரில் இருக்கறவங்களுக்கு இந்த வாசனை தெரியும்: ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டா, அடித்தளத்தில் ஏதோ கோணல்னு அர்த்தம். 2025-26 பருவத்தில் பேர்வைஸை விட்டுட்டு வேறு குறியீட்டுக்கு மாறிட்டாங்க.

ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

இதைவிடச் சுத்தமான வழி ஒண்ணு பழசாவே இருக்கு. 1929ல் செர்மெலோ என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் செஸ் போட்டிகளுக்காக எழுதினார். 1952ல் பிராட்லி, டெர்ரி என்ற இருவர் அதையே தனியாகக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி ரசிகர்கள் இதை வச்சு கிராச் என்ற பட்டியல் போடறாங்க.

கருத்து ரொம்ப எளிமை. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பல எண். 300 எண் உள்ள டீமும் 100 எண் உள்ள டீமும் மோதினா, நாலு ஆட்டத்தில் மூணு 300க்கு, ஒண்ணு 100க்கு. அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. இது கற்பனை டீம்கள், எந்தக் கல்லூரியையும் சொல்லலை. கோவை டீம் 8 ஆட்டத்தில் 6 வெற்றி, 2 தோல்வி. ஈரோடு டீம் 8ல் 5 வெற்றி, 3 தோல்வி. வெறும் சதவீதம் பார்த்தா கோவைக்கு 75, ஈரோட்டுக்கு 62.5. கோவைக்குத்தான் சீடு.

ஆனா கோவை ஆடின எல்லா எதிரிகளின் பல எண்ணும் 50, ஈரோட்டின் எதிரிகள் எல்லாம் 200 என்று வைங்க. வெற்றியைத் தோல்வியால் வகுத்து, எதிரியின் எண்ணால் பெருக்குங்க. கோவை: 6 வகுத்தல் 2, மூணு, பெருக்கல் 50, ஆக 150. ஈரோடு: 5 வகுத்தல் 3, பெருக்கல் 200, ஏறக்குறைய 333. நேரில் மோதினா ஈரோடு ஜெயிக்க நூறுக்கு 69 வாய்ப்பு. வரிசை தலைகீழாயிடுச்சு.

"எதிரியின் எண் எங்கிருந்து வந்தது?" சரியா பிடிச்சீங்க. எதிரியின் எண் அவங்க எதிரிகளைப் பொறுத்தது, அது திரும்ப நம்மைப் பொறுத்தது. வட்டமா சுத்துது. அதனால எல்லாருக்கும் முதலில் 100 கொடுத்துட்டு, கணக்குப் போட்டு, வந்த எண்ணைத் திரும்ப உள்ளே விட்டு, எண்கள் அசையாம நிக்கற வரைக்கும் சுத்த விடணும். எதிரிகளின் எண் ஒரே மாதிரி இல்லாதப்போ சூத்திரம் கொஞ்சம் நீளும், ஆனா யோசனை இதுதான். கூகுள் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த ஆரம்பிச்ச பேஜ்ரேங்க்கும் இதே ஜாதி வட்டம்தான். முதல் வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஒரு மத்தியானத்தில் எழுதிடலாம்.

இரண்டு ஓட்டை இருக்கு. தோல்வியே இல்லாத டீமுக்குப் பூஜ்யத்தால் வகுக்கணும், எண் ஆகாயத்துக்குப் போயிடும். அதுக்கு, 100 எண் உள்ள ஒரு கற்பனை டீமோடு எல்லாருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்த்துக்கலாம். சமனில் முடிஞ்ச ஆட்டம் ஆளுக்கு அரை வெற்றி. இரண்டாவது ஓட்டை பெருசு. அதுதான் இந்த எபிசோடோட மையம்.

பாலம் இல்லாம ஒப்பீடு இல்லை

பீளமேட்டில் அவினாசி ரோட்டை எடுத்துக்கோங்க. பிஎஸ்ஜி டெக் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருது. அதே பீளமேட்டில் இருக்கும் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். நடந்து போற தூரம். ஆனா விளையாட்டு எதுவானாலும் பல்கலைக்கழகத்தின் கல்லூரிப் போட்டி என்று வந்தா, ஒருத்தர் மாநிலம் முழுக்க இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரிகள் பக்கம்; இன்னொருத்தர் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பக்கம். இரண்டு தனித்தனி ஏணி.

இந்த இரண்டு ஏணிக்கும் நடுவில் ஒரு ஆட்டம்கூட நடக்கலைன்னா, எந்தச் சூத்திரத்தாலும், எந்த ஏஐயாலும் ஒப்பிட முடியாது. இந்தப் பக்கத்து எண்களை எல்லாம் பத்தால் பெருக்கினாலும் இந்தப் பக்கத்துக் கணக்கு மாறாது. அந்தப் பக்கத்தோடு வச்சுப் பார்க்கும்போது மட்டும் எல்லாமே மாறிடும். டேட்டா இல்லாத இடத்தை டேட்டாதான் நிரப்பணும்.

நல்ல சேதி: பாலம் கட்ட நிறைய ஆட்டம் வேண்டாம். கல்லூரிகள் நடத்தும் ஓப்பன் டோர்னமென்ட், ஒரு சனிக்கிழமை ஃப்ரெண்ட்லி, இதெல்லாம்தான் பாலம். ஏணிக்கு ஏணி நாலைந்து ஆட்டம் இருந்தா இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலுக்கு வர ஆரம்பிச்சிடும்.

நாளைக்கே என்ன பண்ணலாம்?

போட்டி நடத்தும் பி.டி. சார்கள் யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, இந்த நாலு விஷயம்.

ஒண்ணு, ஆட்ட முடிவுகளை எழுதி வைங்க. தேதி, இரண்டு டீம், ஸ்கோர், மண் கிரவுண்டா டர்ஃபா. ஒரு எக்செல் ஷீட் போதும். மண்ணில் பந்து குதிக்கும், டர்ஃபில் வழுக்கிட்டு ஓடும். மண்ணில் வந்த ரிசல்ட்டை வச்சு டர்ஃப் போட்டிக்கு சீடு போடும்போது அதுக்குக் கொஞ்சம் குறைச்ச மதிப்பு கொடுங்க.

இரண்டு, ஷூட்-அவுட்டில் ஜெயிச்சதை முழு வெற்றியா எடுக்காதீங்க. அறுபது நிமிஷத்தில் சமன் என்றால், பலத்தைப் பொறுத்தவரை அது சமன்தான். அடுத்த ரவுண்டுக்குப் போக ஷூட்-அவுட், சீடிங் போட ஆட்டத்தின் ஸ்கோர்.

மூணு, 17-0க்கும் 5-0க்கும் வித்தியாசம் பார்க்காதீங்க. கோல் வித்தியாசத்துக்கு மதிப்பு கொடுக்கறதா இருந்தா மூணு கோலோடு நிறுத்துங்க. இல்லைன்னா பலவீனமான டீமை அடிச்சுத் துவைக்கறதுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆயிடும்.

நாலு, கணக்கை அளவுக்கு மேல நம்பாதீங்க. காசு சுண்டிப் பார்த்தாக்கூட, 8 தடவையில் 6 அல்லது அதுக்கு மேல தலை விழ நூறுக்கு 14 வாய்ப்பு இருக்கு. 8 ஆட்டத்தை வச்சு "இவங்க மூணாவது, அவங்க நாலாவது" என்று சொல்றது ஜோசியம். அதனால ஒண்ணு, இரண்டு, மூணுன்னு அடுக்காம, நாலு நாலா அடுக்கு போடுங்க. முதல் அடுக்கில் நாலு டீம், கட்டத்துக்கு ஒண்ணு. அடுக்குக்குள்ள யார் எந்தக் கட்டம்னு சீட்டுக் குலுக்குங்க. தெரிஞ்ச வரைக்கும் கணக்கு, தெரியாததுக்குக் குலுக்கல். அந்தக் குலுக்கலில் நியாயம் இருக்கு.

டீம்கள் கிட்டேயும் ஒரு வார்த்தை. இந்த முறை வந்தா, சுலபமான எதிரியைத் தேடிப் பிடிச்சு வெற்றிக் கணக்கை ஏத்திக்க முடியாது. பலமான டீமோட மோதி மூணில் ஒண்ணு ஜெயிச்சாலும் அது உங்க எண்ணில் தெரியும். பக்கத்து ரோட்டுக் கல்லூரிக்கு ஒரு ஃபோன் போட்டு "சனிக்கிழமை ஒரு மேட்ச் வச்சுக்கலாமாங்க?" என்று கேட்கறதுக்கு முதல் தடவையா ஒரு கணக்குக் காரணம் கிடைக்கும்.

எந்த சீடிங்கும் ஜெயிப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சரியா சீடு பண்ணின போட்டியிலும் முதல் ரவுண்டிலேயே தோக்கற டீம் இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த வருஷம் அவங்க ஆடின ஆட்டங்களை யாராவது ஒருத்தர் பார்த்து, கணக்குப் போட்டு, அதுக்கப்புறம் அந்த எதிரியை முன்னாடி நிறுத்தியிருக்காங்கன்னா, அந்தத் தோல்வி அவங்களோடது. ஆறு மாசத்துக்கு முன்னாடி படிச்சு முடிச்சுப் போன யாரோ வாங்கின கோப்பையால் வந்த தோல்வியா அது இருக்கக் கூடாது.

உங்க கல்லூரியில் எந்த விளையாட்டா இருந்தாலும், சீடிங் எப்படிப் போடறாங்கன்னு கேட்டுப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.